தும்பை என்று கூப்பிட்டேன்

தும்பை, உன் கடுதாசி நேற்று மத்தியானம் வந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கி வைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். மணமேல்குடிக் காற்றில் உப்பு வாடை இருக்கிறது, காயப்போட்ட துணி சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துப் போகிறது, கட்டுமாவடியிலிருந்து கூடையில் வரும் மீன் வாசலுக்கு வந்தும் வாலை ஆட்டுகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண் இவ்வளவு நிதானமாக எழுதுகிறாளே என்று மனசு குளிர்ந்தது. கடைசியில், மூடப்போன கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்கிறவள் மாதிரி நாலு வரி. உன் மாமியார் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏத்தா, ஒம்பேரு எந்தச் சாமி பேரு? நாங்க யாரும் கேள்விப்பட்டதில்லையே" என்று கேட்டாராம். நீ "ஏதோ பூவுப் பேருங்க அத்தே" என்று சொல்லி நழுவிவிட்டாயாம். இந்தப் பெயரை எனக்கு யார் வைத்தது, ஏன் வைத்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லையே அம்மா என்று முடித்திருக்கிறாய்.

வெளி ஆட்கள் யாராவது கேட்டால், தும்பைப்பூ சிவனுக்கு உகந்தது, கோர்த்துச் சாத்துவார்கள் என்று சொல். அது பொய் இல்லை. கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் நீ காலமெல்லாம் கூட இருக்கப்போகிற மாமியாருக்கு அந்தப் பதில் போதாது. அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதில் இருக்கிறது. முழுவதும் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வேலை ஒழிந்த நேரத்தில் படி.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. புதுக்கோட்டையில் என் மாமா வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்தவள். திருமயம் பக்கம் கடலைக் கொல்லையும் வானம் பார்த்த வயலும் வைத்திருக்கிற குடும்பத்துக்கு, அதிலும் பஸ் டிரைவருக்கு, வாழ்க்கைப்பட்டு வந்தேன். உன் தாத்தா அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே காலமாகிவிட்டார். வீட்டில் உன் அப்பத்தா, உன் அப்பா, நான், மூன்று பேர்தான். அனுப்பி வைக்கும்போது என் அம்மா என் தலையில் பூவைச் செருகிக்கொண்டே சொன்னாள்: "மாமனாரு பேரு, மாமியா பேரு, புருசன் பேரு, மூணும் ஒன் வாயில வரக்கூடாது. பேரு மட்டுமில்ல. அந்தப் பேருக்குள்ள இருக்கிற சொல்லும் வரக்கூடாது. வாய் தவறிச் சொல்லிட்டா வளர்ப்புச் சரியில்லைன்னு என்னையத்தான் பேசுவாக."

இது எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். என் கஷ்டம் வேறு. உன் தாத்தா பெயர் கருப்பையா. உன் அப்பத்தா பெயர் வெள்ளையம்மாள். யோசித்துப் பார். உலகத்தில் பாதிச் சாமான் கறுப்பு, மீதிப் பாதி வெள்ளை. எனக்கு இரண்டையும் சொல்ல வழி இல்லை. கருப்பட்டி வாங்க வேண்டுமென்றால் பனங்கட்டி என்பேன். ஊர் எல்லையில் நிற்கிற கருப்பரைக் கும்பிடும்போது "காவக்காரச் சாமி" என்பேன். வெள்ளைப்பூண்டு வெறும் பூண்டாயிற்று. சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பதை "சுவத்துக்குச் சுண்ணாம்பு பூசணும்" என்று சொன்னேன். ஒரு தடவை தெருவில் துணி விற்றுக்கொண்டு வந்தவரிடம் உன் அப்பாவுக்கு வேட்டி கேட்டேன். "என்ன நெறத்துலம்மா?" என்றார் அவர், குசும்புக்காரர். தெருவுக்கு எதிரே, வரப்போரத்தில் மழைக்குப் பிறகு மண்டிக் கிடந்த தும்பைச் செடியைக் காட்டி, "அந்தப் பூ நெறத்துல" என்றேன். அன்றிலிருந்து அது எனக்குக் கைவசமாகிவிட்டது. வெள்ளை என்று வரவேண்டிய இடத்திலெல்லாம், உன் அப்பத்தா காதுக்கு மட்டும் எட்டாமல், தும்பை என்றேன். தும்பைச் சேலை, தும்பைக் கன்றுக்குட்டி. நாடெங்கும் வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. நான் கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "தும்பைக்காரன் போயிட்டானாமே" என்றேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நீ நாற்பத்தெட்டில் பிறந்தாய். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம். ஊரில் பெரியவர்கள் இனி ராஜா கிடையாது, கலெக்டர்தான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டில் அதைவிடப் பெரிய சேதி நீதான். மூத்த பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பெயர் வைப்பது வழக்கம். அதை யாரும் கேட்கவும் இல்லை, நான் மறுக்கவும் இல்லை. உன் அப்பத்தா அன்று பழைய பட்டுச் சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, உன்னை மடியில் போட்டு, உன் காதில் மூன்று தரம் "வெள்ளையம்மா" என்று சொன்னார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பேத்தி பிறந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அதில் வேறு ஒன்றும் இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

மறுநாள் காலையில் நீ அழுதாய். உன்னைக் கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிடப் பெயர் இல்லை. நான் பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையின் பெயரை நான் சொல்லக்கூடாது, ஏனென்றால் அது என் மாமியார் பெயர். உன் அப்பாவும் சொல்லவில்லை. பெற்ற தாயின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் அப்பன்மார்கள் எல்லாரும் "ஆத்தா" என்றுதானே கூப்பிடுவார்கள். உன் அப்பத்தா தன் பெயரைத் தானே எப்படிக் கூப்பிடுவார்? அவர் "ராசாத்தி" என்றார். அக்கம்பக்கத்தில் "பாப்பா" என்றார்கள். தெருவில் இருந்த எல்லாப் பெண் குழந்தையும் பாப்பாதான். ஊரறிய ஒரு பெயரை வைத்துவிட்டு, அந்தப் பெயரை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டின மாதிரி ஆயிற்று.

நான் உன்னைத் தும்பை என்று எப்போது முதலில் கூப்பிட்டேன் என்பது நினைவில்லை. திட்டம் போட்டுச் செய்ததில்லை. வீட்டில் யாரும் இல்லாத ஒரு நேரத்தில், தூளியில் கிடந்த உன்னைப் பார்த்துப் பேச வேண்டும் போல இருந்திருக்கும். வெள்ளை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தும்பை என்று சொல்லிப் பழகிய வாய், வெள்ளையம்மா என்று சொல்ல வேண்டிய இடத்திலும் அதையே சொல்லிவிட்டது. நீ திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான். கொல்லைக்குப் போகும்போதும், குளிப்பாட்டும்போதும், நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதெல்லாம் நீ தும்பை. நாலு பேர் வந்துவிட்டால் பாப்பா. நீயும் அதைப் புரிந்துகொண்டவள் மாதிரி, நான் மெதுவாகக் கூப்பிட்டால் மெதுவாகத்தான் பதில் சொல்வாய்.

உனக்கு மூன்று வயது இருக்கும்போது திருமயம் தேருக்குப் போனோம். உன் அப்பாவுக்கு அன்று கூட்டத்துக்காக விட்ட ஸ்பெஷல் பஸ்ஸில் டூட்டி. நானும் உன் அப்பத்தாவும் உன்னைக் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் போனோம். கோட்டைப் பாறைக்குக் கீழே அத்தனை சனம். வளையல் கடையில் நின்றோம். அப்பத்தா உனக்கு வளையல் போட்டுப் பார்த்தார். நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன், உன்னைக் காணோம். அப்பத்தா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு கையில் நீ இருக்கிறாய் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

"பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன். எத்தனையோ குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. உன் அப்பத்தா, "ஆத்தா! ஏ ராசாத்தி!" என்று அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினார். ராசாத்திகளுக்கும் அன்று குறைவில்லை. அதற்குள் தேர் கிளம்பப்போகிறது என்று கொட்டுச் சத்தம் எழுந்தது. வடத்தைப் பிடிக்க ஆட்கள் நெருக்கியடித்தார்கள். வளையல்காரம்மா கடையை விட்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாப்பா பாப்பான்னு கத்துனா எந்தப் பாப்பா வரும்? பேரைச் சொல்லிக் கூப்பிடு தாயி! சக்கரத்துப் பக்கம் போயிருந்தா என்ன ஆகுறது!"

பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வழி இல்லை. அப்பத்தாவைப் பார்த்தேன். அவர் சொல்லலாம், அவர் பெயர்தானே. அவர் வாயைத் திறந்தார், முந்தானையால் பொத்திக்கொண்டார். அத்தனை ஆண்கள் நடுவில் தன் பெயரைத் தானே கூவிக் கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை. நாங்கள் இரண்டு பெண்கள், ஒரே பிள்ளையைத் தேடிக்கொண்டு, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றோம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை, கோபமும். யார் மேல் என்று தெரியாத கோபம். அடி வயிற்றிலிருந்து "தும்பை!" என்று ஒரு சத்தம் போட்டேன். "அடியே தும்பை! எங்கடி இருக்கே!" அந்தக் கூட்டத்தில் அந்தப் பெயருக்கு வேறு யாரும் திரும்பவில்லை. கொஞ்ச தூரத்தில், வடத்தைப் பிடித்திருந்தவர்களின் கால்களுக்கு நடுவிலிருந்து, "இந்தா இருக்கேன்" என்று உன் குரல் வந்தது. வடம் பிடித்த ஆள் ஒருவர் உன்னைத் தூக்கித் தலைக்கு மேல் காட்டி, "இந்தப் பிள்ளையாம்மா?" என்றார். உன் கையில் புது வளையல் மினுங்கியது.

உன்னை வாங்கிக்கொண்டது அப்பத்தாதான். முகத்தைத் துடைத்து, நெஞ்சோடு அணைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பி, "தும்பையா? அது யாருடி?" என்றார். நான் வண்டியைப் பார்த்து நடந்தேன். ஊர் திரும்பும்வரை அவர் உன்னை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ராத்திரிச் சோறு போடும்போது, உன் அப்பாவிடம் கேட்டார்: "எம்பேரு நாறுதாடா ஒம்பொண்டாட்டிக்கு? நான் வச்ச பேரை எடுத்துட்டு, வரப்புல கெடக்கிற களைச்செடி பேரைக் கூப்பிடுறாளே."

உன் அப்பாவுக்குச் சண்டை என்றாலே ஆகாது. "ரெண்டு பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்மா. பஸ்ஸுக்கு முன்னால ஒரு போர்டு, பின்னால ஒரு போர்டு இல்லையா? வண்டி ஒண்ணுதான்" என்றார். அந்தச் சமாதானம் ஓடவில்லை. மறுநாள் நான் கொல்லையில் ஒரு கைப்பிடி தும்பைப்பூவைப் பறித்து வந்து, அப்பத்தா புடைத்துக்கொண்டிருந்த முறத்து ஓரத்தில் வைத்தேன். பூவின் நிறத்தைப் பார்த்தால் அவருக்கே விளங்கிவிடும் என்று நினைத்தேன். அவர் அதை விரலால் தள்ளிவிட்டு, "கடலைக் காட்டுல பிடுங்கி எறியிற களையைக் கொண்டாந்து எனக்கே காட்டுறியா?" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இது உங்கள் பெயர்தான் அத்தே என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். இருபத்தோரு வயதுதான், வீம்பு விடவில்லை. புரிந்துகொள்ளாதவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. சோறு போடுவேன், வாங்கிச் சாப்பிடுவார். காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பார், குடிப்பேன். ஆனால் உன்னைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்தால் இரண்டு பேருக்கும் முகம் இறுகும். உனக்கு நான் சொல்வது இதுதான்: புகுந்த வீட்டில் மனசில் ஒன்று தைத்தால் அன்றைக்கே சொல்லிவிடு. சண்டை வந்தால் வரட்டும். வீம்பில் இரண்டு வருடம் போவதைவிடச் சண்டையில் இரண்டு நாள் போவது லாபம்.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள் வந்தது. உன் அப்பா விடியும் முன்னாலேயே வண்டி எடுக்கப் போய்விட்டார். நான் உனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பத்தா அந்தப் பழைய பட்டுச் சேலையில் வந்து நின்று, "நானும் வாரேன். பிள்ளை பேரை நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவர் பெயர், அவரே சொல்லவேண்டியதுதான், அதுதான் நியாயம் என்று எனக்கே பட்டது. உன்னை நடுவில் விட்டு, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். இந்தத் தடவை இரண்டு பேரும் கையை விடவில்லை.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். எங்களை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். "பிள்ளை பேரு சொல்லுங்கம்மா" என்றார் என்னைப் பார்த்து. நான் அப்பத்தாவைப் பார்த்தேன். அப்பத்தா எழுந்து நின்றார், சேலையைச் சரிசெய்தார். "எம்பேருதாங்க" என்றார்.

"சரிங்க, ஒங்க பேரு என்ன?"

அப்பத்தாவுக்கு வாய் வரவில்லை. முந்தானை மறுபடியும் வாய்க்குப் போயிற்று. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வந்து நின்றதும் காணாமல் போய்விட்டது. "அது... அதாங்க... இவளச் சொல்லச் சொல்லுங்க" என்றார். உடனே நினைவு வந்து, "இல்ல, இவ சொல்லக்கூடாது" என்றார். ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி எத்தனை மாமியார் மருமகளைப் பார்த்திருப்பாரோ. உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ சொல்லு ஆத்தா, ஒம்பேரு என்ன?" என்றார்.

நீ கையைக் கட்டிக்கொண்டு, "தும்பை" என்றாய். சத்தமாக, தெளிவாக. மூன்று வயதில் தேர்க்கூட்டத்தில் நான் சத்தமாகக் கூப்பிட்ட நாளிலிருந்து, உனக்கு அது ஒளித்துச் சொல்கிற பெயராக இல்லை.

அப்பத்தா முகம் சுருங்கிப் போயிற்று. கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மாள் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. உன் தாத்தா திவசத்தன்றுகூட அடுப்படிப் புகையைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர். "எழுதிக்கங்க ஐயா. பிள்ளையே சொல்லிருச்சுல்ல. எம்பேருக்கு இந்த வீட்டுல எடமில்ல" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அப்போதுதான் என் வீம்பு உடைந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தே! தும்பைன்னா வெள்ளைதானே அத்தே! வெள்ளைன்னு நான் சொல்லக்கூடாதுன்னுதானே அத்தே தும்பைன்னு சொல்லுறேன்! ஒங்க பேரைத்தான் நான் கூப்பிடுறேன்! வெள்ளை, வெள்ளை, ஒங்க பேருதான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஒரு தடவை இல்லை, ஹெட்மாஸ்டர் முன்னால், வாசலில் நின்ற மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் முன்னால், எத்தனை தடவை! நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அப்பத்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்:

"இன்னொருக்காச் சொல்லு."

"அத்தே..."

"சொல்லுத்தா. இன்னொருக்காச் சொல்லு."

"வெள்ளை" என்றேன்.

அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கையை வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாத மாதிரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒங்க மாமா ஏர் ஓட்டிக்கிட்டே வயல்லேர்ந்து 'ஏ வெள்ளே, கஞ்சி கொண்டா'ன்னு கூப்பிடுவாரு. தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அவரு போனதோட அந்தப் பேரும் போச்சு. எங்க அப்பன் ஆத்தா இல்ல, கூடப் பொறந்ததும் இல்ல. மகன் அம்மாங்கிறான், நீ அத்தைங்கிறே, ஊரு டிரைவர் ஆத்தாங்குது. பேத்திக்கு வச்சாலாவது அந்தப் பேரு வீட்டுக்குள்ள நாலுதரம் காதுல விழும்னு ஆசைப்பட்டு வச்சேன். வச்சா, ஒருத்தரும் கூப்பிடல."

உன் காதில் அன்று மூன்று தரம் அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது என்ன என்று அந்த பெஞ்சு ஓரத்தில் நின்றுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஏக்கத்தை வைத்துக்கொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி விரோதியாக இருந்திருக்கிறோம். எனக்கு வாய்விட்டுக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும். அவருக்குக் காதால் கேட்க ஒரு பெயர் வேண்டும்.

ஹெட்மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப எந்தப் பேரை எழுதட்டும்?"

அப்பத்தா எழுந்து நின்றார். இந்தத் தடவை முந்தானை வாய்க்குப் போகவில்லை. "தும்பைன்னே எழுதுங்க ஐயா. வெள்ளையம்மா நான் ஒருத்தி உசுரோடதான இருக்கேன்" என்றார்.

அவர் தன் பெயரைத் தானே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுதியாயிற்று. உன்னை உள்ளே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வரப்பு வழியாகத் திரும்பினோம். பாதி வழியில் அவர் நின்றார். "ஏண்டி, இதை ரெண்டு வருசமா ஏண்டி சொல்லல?" என்றார். "ஒங்க பேரைச் சொல்லாம அதை எப்படி அத்தே சொல்றது?" என்றேன். அவர் முதலில் முறைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கடலைக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், டிரைவர் வீட்டு மாமியாருக்கும் மருமகளுக்கும் என்ன வந்தது என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் அவர் எனக்கு வெள்ளையத்தை. அவரே வைத்த சட்டம்: "வீட்டுக்குள்ள கூப்பிடு. ஊருக்கு முன்னால வேணாம், சிரிப்பாக. ஆனா ஒங்க மாமா பேரை மட்டும் என்னைக்கும் சொல்லிராத." ஆக வெள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்தது, கறுப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தில்தான் உன் தாத்தா பெயரை முதல்தடவையாக எழுதியிருக்கிறேன். எழுதுவதற்குத் தடை உண்டா என்று என் அம்மா சொல்லித் தரவில்லை. உன் தாத்தா மன்னிப்பார்.

நீ ஹைஸ்கூல் போன பிறகு, தோழிகள் "தும்பிக்கை, தும்பிக்கை" என்று கேலி செய்கிறார்கள், பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாயே, அதுவாவது ஞாபகம் இருக்கிறதா? நான் வாய் திறப்பதற்குள் உன் அப்பத்தா, "பிள்ளையாருக்கே தும்பிக்கைதானடி அழகு! போய்ச் சொல்லு அவளுககிட்ட" என்று உன்னைத் திருப்பி அனுப்பினார். அந்தப் பெயரைக் களை என்று தள்ளியவர்தான், உனக்கு முன்னால் அதற்குக் காவல் நின்றார். ஏன் என்று நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பெரியவர்கள் அழுத கதையை வளர்கிற பிள்ளையிடம் சொல்வானேன் என்று இருந்துவிட்டோம்.

நீ எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். அன்று வாசலில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். எல்லாரும் ஆத்தா என்றும், அம்மாயி என்றும், சின்னாத்தா என்றும் முறை சொல்லி அழுதார்கள். நான் "வெள்ளையத்தே, என் வெள்ளையத்தே" என்று சொல்லி அழுதேன். சுற்றியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி என் வாயைப் பொத்தக்கூட வந்தாள். நான் அவள் கையை விலக்கிவிட்டேன். ஊருக்கு முன்னால் வேண்டாம் என்று அவர் போட்ட சட்டத்தை அன்று ஒரே ஒரு நாள் மீறினேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஒரு மனுஷி ஊரை விட்டுப் போகும்போது அவள் பெயரைச் சொல்லி அனுப்ப ஒருத்தியாவது இருக்க வேண்டும்.

ஆகவே, விட்டெறிந்த பெயரை எடுத்து யாரும் உனக்கு வைக்கவில்லை. உனக்கு உன் அப்பத்தா பெயர்தான் இருக்கிறது. மருமகள் வாயில் வரக்கூடிய விதமாக மாறி வந்திருக்கிறது. அதில் அவர் ஆசையும் இருக்கிறது, என் ஆசையும் இருக்கிறது. சாமி பெயரா என்று கேட்டால், இல்லை என்று தலை நிமிர்ந்து சொல். இது இரண்டு பெண்கள் சண்டை போட்டுச் சேர்ந்து வைத்த பெயர்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து மறுபடியும் பார்த்தேன். அதில் உன் மாமனார் பெயர் இருக்கிறது, அவர் தகப்பனார் பெயர் இருக்கிறது, மாப்பிள்ளை படித்த படிப்பு இருக்கிறது. உன் மாமியார் பெயர் இல்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் அவரை "மாப்பிள்ளையோட ஆத்தா" என்றுதான் கூப்பிட்டார்கள்; நானும் "சம்பந்தியம்மா" என்று கூப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் உன் பெயருக்கு அர்த்தம் கேட்டார். நீ அவர் பெயரைக் கேட்டாயா? மத்தியானம் வேலை ஒழிந்து இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்போது, இந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் கேள். பிறந்த வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேள். வெட்கப்படுவார், விடாதே. கேட்டு எனக்கு எழுது. தலைப்பொங்கல் வரிசையோடு நாங்கள் அங்கே வந்து இறங்கும்போது, வாசலில் நின்று நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

உன் அம்மா